நீலக் கண் கேட்ட சிறுமி



நம்ம சபையிலே ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால் எவ்வளவு சந்தோஷம்! வேலை கிடைத்தவர்கள் எழும்பி நிற்பார்கள். வியாதி நீங்கினவர்கள், கடன் தீர்ந்தவர்கள், பிள்ளைக்குக் காலேஜில் சீட் கிடைத்தவர்கள், எல்லாரும் எழும்பி நிற்பார்கள். நாமும் கைதட்டி அல்லேலூயா சொல்லுகிறோம். அது நல்லதுதான். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லாமல் மூடி வைக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கேட்டும் கிடைக்காதவர்கள் அவர்கள். உபவாசித்தார்கள், அழுதார்கள், பொருத்தனை பண்ணினார்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. நம்ம சாட்சி நேரத்தில் அவர்களுக்கு இடமில்லை.

அவர்களுக்காகத்தான் இந்த மாதம் ஒரு தேவ மனுஷியின் வாழ்க்கையை எழுதுகிறேன். எனக்காகவும் எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்றேன்.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத் தெரியாத திருநெல்வேலி விசுவாசி இருக்க முடியாது. நம்முடைய பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்ல அவர். ஆனாலும் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டியது ஏராளம்.

1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி, அயர்லாந்து தேசத்தின் வடக்கே மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் ஏமி பிறந்தார். தகப்பனார் மாவு மில் வைத்திருந்தவர். ஏழு பிள்ளைகளில் ஏமிதான் மூத்தவள். தேவபயமுள்ள குடும்பம். தாயாருக்கு அழகான நீலக் கண்கள். ஏமிக்கோ பழுப்புக் கண்கள். குழந்தைக்கு அது பெரிய குறை. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறவர் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே! ஒரு ராத்திரி முழங்கால் போட்டு, எனக்கு நீலக் கண் தாரும் என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனாள். காலையில் எழுந்ததும் ஓடிப்போய் நாற்காலியின்மேல் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தாள். அதே பழுப்புக் கண்கள்தான்!

குழந்தையின் விசுவாசத்தில் குறை ஏதும் இருந்ததா? இல்லையே. சந்தேகப்பட்டிருந்தால் விடிந்ததும் கண்ணாடியிடம் ஓடியிருப்பாளா? அப்போது அவளுக்குள் ஒரு காரியம் விளங்கினது. இல்லை என்பதும் ஒரு பதில்தான். அவள் கற்ற முதல் பாடம் இது. ஆனால் இந்தப் பாடம் ஒரே நாளில் முடிகிற பாடம் அல்ல. எண்பத்து மூன்று வயது வரைக்கும் கர்த்தர் அதை மறுபடியும் மறுபடியும் அவருக்குப் படிப்பித்தார்.

1885-இல் தகப்பனார் மரித்துப்போனார். குடும்பத்தின் செல்வமும் கரைந்தது. அந்த நாட்களில் அவர்கள் பெல்பாஸ்ட் பட்டணத்தில் இருந்தார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது, பாரமான மூட்டையோடு தள்ளாடி வந்த ஓர் ஏழைக் கிழவிக்கு ஏமியும் தம்பிமாரும் கைகொடுத்தார்கள். கந்தலுடுத்தின அந்த அம்மாளோடு நடந்து வருவதைச் சபையின் கௌரவமான ஜனங்கள் பார்க்கிறார்களே என்று ஏமிக்கு முகமெல்லாம் வெட்கம். அந்தத் தெருவிலேதான் ஆண்டவர் அவரோடு இடைப்பட்டார். பொன் எது, வைக்கோல் எது, அக்கினியில் எது நிலைக்கும் என்று அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதின வசனம் அவர் உள்ளத்தில் பேசினது. கதவைப் பூட்டிக்கொண்டு முழங்காலில் நின்றார். எழும்பினபோது வேறு ஆளாக எழும்பினார். தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நடுவே ஊழியத்தை ஆரம்பித்தார். அவர்களுக்காக ஒரு தகரக் கூடாரம் எழும்பினது.

1892-இல், புறப்பட்டுப் போ என்ற அழைப்பு அவருக்குத் தெளிவாகக் கிடைத்தது. சீன தேசத்துக்குப் போக ஆசைப்பட்டார். மிஷன் சங்கத்தில் வைத்தியர் பரிசோதித்து, உன் சரீரம் தாங்காது என்று அனுப்பிவிட்டார். மூட்டை கட்டினவர் திரும்பினார். இல்லை என்று ஒரு பதில். 1893-இல் ஜப்பானுக்குப் போனார். பதினைந்து மாதம்தான். தாங்க முடியாத தலைவலியும் நோயும் வந்து அங்கேயும் நிலைக்க முடியவில்லை. மறுபடியும் இல்லை.

அந்த ஜப்பானிலே இன்னொரு காரியம் நடந்தது. அரிமா என்ற ஊரில் ஒரு குகைக்குள் தனியாகப் போய் ஆண்டவரிடத்தில் பேசினார். விஷயம் என்ன? விவாகம். வரப்போகிற வருஷங்களெல்லாம் தனியாக இருந்துவிடுவோமோ என்ற பயம். தேவ ஊழியக்காரிக்கு இப்படிப்பட்ட ஏக்கம் வருமா என்று கேட்காதீங்க. வரும். அவர் மறைக்கவில்லை. ஆண்டவரிடத்தில் அழுது சொன்னார். புருஷன் கொடுக்கப்படவில்லை. ஆனால் நான் உன்னோடிருக்கிறேன் என்ற நிச்சயம் கொடுக்கப்பட்டது. அநேக வருஷங்களுக்குப் பிறகு தான் வளர்த்த பிள்ளைகளில் ஒருவருக்கு இதைச் சொன்னார். அதே வழியில் நடக்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று.

1895-இல் பெங்களூருக்கு வந்து இறங்கினார். அதன்பின் ஐம்பத்தைந்து வருஷம் ஒருமுறைகூடச் சொந்த தேசத்துக்குத் திரும்பிப்போகவில்லை. வாக்கர் ஐயாவோடும் அவர் மனைவியோடும் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தமிழ் கற்று, சேலை உடுத்தி, பொன்னம்மாள் முதலான தமிழ்ச் சகோதரிகளோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொன்னார்.

1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்தபோது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடத்தில் கொண்டுவரப்பட்டாள். பெயர் ப்ரீனா. கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படும்படி அடைத்து வைக்கப்பட்டவள். முன்னொருமுறை தாயைத் தேடி ஓடிப்போனதற்காக அவள் பிஞ்சுக் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். அந்தக் குழந்தை ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அம்மா என்று அழைத்தது. குகைக்குள் அழுத ஏக்கத்தை நினைத்துப் பாருங்கள்!

இப்படி ஒப்புக்கொடுக்கப்படுகிற பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எப்படிக் கொண்டுபோகப்படுகிறார்கள் என்று அவர் விசாரிக்க ஆரம்பித்தார். வெள்ளைக்காரி போய்க் கேட்டால் யார் சொல்லுவார்கள்? ஆகையால் காப்பியினால் தோலைக் கறுப்பாக்கி, சேலையை முக்காடு போட்டுக்கொண்டு போனார் என்று அவருடைய சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. தோலுக்குச் சாயம் பூசலாம். கண்ணுக்கு என்ன பூசுவது? நீலக் கண் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் பிடிபட்டிருப்பார். அந்தப் பழுப்புக் கண்களே அவரைக் காப்பாற்றின. மூன்று வயதில் கேட்ட ஜெபத்துக்கு ஏன் இல்லை என்று பதில் வந்தது என்பது முப்பது வயது தாண்டின பிறகே விளங்கினது. ஸ்தோத்திரம்!

அதே 1901-இல் டோனாவூரில் குடியேறினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்தார்கள். சுவிசேஷம் சொல்ல வந்தவளுக்குப் பால் காய்ச்சுவதும், நகம் வெட்டுவதும், ராத்திரி முழுவதும் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுமே வேலையாயிற்று. கிராம ஊழியம் நின்றுபோனதே என்ற கேள்வி அவருக்கே இருந்தது. அப்போது, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவின ஆண்டவரை நினைத்துக்கொண்டார். துண்டை எடுத்தவருக்கு எந்த வேலையும் கேவலமல்ல. வீட்டிலே பாத்திரம் கழுவுகிற சகோதரிகளே, படுத்த படுக்கையாயிருக்கிற மாமியாருக்குத் துணி மாற்றுகிற சகோதரிகளே, உங்க சமையற்கட்டும் பரிசுத்த ஸ்தலம்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் கேட்க நன்றாக இருக்கும். இல்லை என்ற பதிலுக்கெல்லாம் காரணம் கடைசியில் தெரிந்துவிடும் என்று பிரசங்கத்தை முடித்துவிடலாம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் காரணம் தெரியவில்லை.

இந்திரநீலா என்று ஒரு குழந்தை. ஏமி அம்மையார் உயிராய் நேசித்த குழந்தை. 1905 ஜனவரியில் இறந்துபோனது. வலதுகையாயிருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். எத்தனை ஜெபம்! வைத்தியமும் நடந்தது. 1915-இல் பொன்னம்மாளும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இவைகளுக்கு விளக்கம் கிடைத்ததாக அம்மையார் சொல்லவில்லை. அழுதார். அடுத்த நாள் எழுந்து மற்றப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சினார்.

1931-ஆம் ஆண்டு, பக்கத்திலிருக்கிற களக்காட்டில் ஊழியத்துக்காக வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்துவிட்டது. கக்கூசுக்காகத் தவறான இடத்தில் தோண்டி வைத்திருந்த குழி இருட்டில் தெரியவில்லை. விழுந்தார். கால் முறிந்தது. அன்று காலையில்தான், உமக்கு இன்னும் நன்றாய் ஊழியம் செய்ய என்ன வேண்டுமானாலும் எனக்குச் செய்யும் என்று ஜெபித்திருந்தார். சில வாரத்தில் எழும்பி நடப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். எழும்பவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் அந்த அறையும் கட்டிலும்தான். 1948-இல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார். வலியில்லாத ராத்திரி அபூர்வம்.

தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன். வியாதியஸ்தர்மேல் கைவைத்து ஜெபிக்கிறேன், இனியும் ஜெபிப்பேன். கர்த்தர் சுகமாக்கினதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அம்மா, உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. உங்களுக்கு இருக்கிறதா? முள்ளை எடுத்துப்போடும் என்று மூன்றுதரம் வேண்டின பவுலுக்கு முள் எடுக்கப்படவில்லை. கிருபை கொடுக்கப்பட்டது. கானானுக்குள் போக ஆசைப்பட்ட மோசேக்கு மலைமேல் நின்று பார்க்க மாத்திரம் கிடைத்தது. கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரே கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை.

அந்தப் படுக்கையிலிருந்து அம்மையார் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதினார். அவற்றைத் தேடி வாசித்தவர்களில் அநேகர் வியாதிப்படுக்கையில் கிடந்தவர்கள். எழும்பி நடந்து பிரசங்கித்திருந்தால் அவர்களிடம் போயிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கோவிலுக்கு ஒப்புக்கொடுப்பதைத் தடுக்கிற சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்தபோது, அவர் கட்டிலில்தான் இருந்தார். 1951 ஜனவரி 18-ஆம் தேதி கர்த்தரிடத்தில் சேர்ந்தார். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதிலே தாய் என்று அர்த்தமுள்ள ஒரே ஒரு சொல்.

இப்போது என் காரியத்தைச் சொல்றேன். நம்ம சபையிலே ஒரு குடும்பம் பன்னிரண்டு வருஷமாய்க் கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் உபவாச ஜெபத்தில், அடுத்த வருஷம் இந்நேரத்தில் கையில் பிள்ளை இருக்கும் என்று அந்தச் சகோதரிக்குச் சொன்னேன். கர்த்தர் என்னிடம் சொல்லவில்லை. என் ஆசையைக் கர்த்தர் பேரில் சொல்லிவிட்டேன். வருஷம் போனது. பிள்ளை இல்லை. அவர்கள் வந்து கேட்டபோது, உங்க விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து அந்தச் சகோதரி தூணுக்குப் பின்னாலே போய் உட்கார ஆரம்பித்தாள்.

போன மாதம் அம்மையாரின் சரித்திரத்தை மறுபடியும் வாசித்தபோது, நாற்காலியில் ஏறிக் கண்ணாடி பார்க்கிற அந்தக் குழந்தை என்னைத் தூங்கவிடவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வாங்கும்போது என் கண் நிறைந்துவிட்டது. டோனாவூர் அம்மையார் பூசிக்கொண்ட காப்பிதான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் இனி பேசமாட்டேன். ஆனாலும் கூடச் சேர்ந்து ஜெபிக்கிறோம்.

வருகிற ஞாயிறு முதல் நம்ம சாட்சி நேரத்தில் ஒரு மாற்றம். பெற்றுக்கொண்டவர்கள் சாட்சி சொன்ன பிறகு, காத்திருக்கிறவர்களும் எழும்பி நிற்கலாம். இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் ஆண்டவரை விடவில்லை என்று சொன்னால் போதும். அதுவும் சாட்சிதான். அதற்கும் நாம் அல்லேலூயா சொல்லுவோம்.

கேட்டதைக் கொடுக்கிறபோதும், கொடுக்காதபோதும், நம்மைக் கைவிடாத தேவன்தாமே உங்கள் ஒவ்வொருவரையும் தாங்கி நடத்துவாராக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்