ஆழிக்குமரன் ஆனந்தன்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டைக்குச் செல்லும் ஏற்றமான வீதியில் வைகறைப் பொழுதில் நெடுந்தூர ஓட்டம் பயிலும் மாணவர் சிலரை நாம் அறிவோம். கால்கள் சோருமுன்னரே மனம் சோர்ந்துவிடுகிறதே, அதற்கு என் செய்வது என்று அவர்கள் வினவுவதுண்டு. அவர்களுக்கு நாம் எடுத்துரைப்பது ஓட்ட வீரர் ஒருவரின் வரலாறன்று. நீச்சல் வீரர் ஒருவரின் வரலாறு.

வி. எஸ். குமார் ஆனந்தன் 1943ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிலே பிறந்தார். கடலையே முற்றமாகக் கொண்ட ஊர் அது. சட்டம் பயின்று வழக்கறிஞரானார். எனினும் நீதிமன்றத்தினும் கடலே அவரைப் பெரிதும் ஈர்த்தது எனலாம். 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை ஒரு திசையில் நீந்திக் கடந்திருந்தார். ஆனந்தனோ போவதோடு அமையாது திரும்பியும் வர விழைந்தார். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். அதற்கு அவர் செலவிட்ட நேரம் 51 மணி. மறுகரையை எட்டிய பின்னர் கரையில் தங்கிவிடாது, வந்த வழியே கடலுக்குத் திரும்பிய அந்தக் கணமே இவ்வரலாற்றில் எம்மைப் பெரிதும் வியக்க வைப்பது. ஆழிக்குமரன் என்னும் பெயர் அவருக்கு வெகுவாகப் பொருந்திற்று.

பிற்காலத்தில் அவர் நிலத்திலும் தம்மைச் சோதித்தார். 1979இல் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாது சைக்கிளோட்டினார். ஏழு நாட்களுக்கும் மேற்பட்ட காலம் அது. 1980இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். தூக்கிய காலை மற்றக் காலின்மேல் சாய்க்கவும் கூடாது, எதனையும் பற்றவும் கூடாது என்பது அப்போட்டியின் விதி. 1981இல் சென்னை அண்ணா நீச்சற் குளத்தில் 80 மணி நேரம் நீரில் மிதந்து நின்றார். இவற்றையெல்லாம் வெறும் வித்தையென்று எள்ளுவோரும் உண்டு. ஒரு நாழிகை ஓடிப் பார்த்தவர் அவ்வாறு எள்ளார்.

அவர் நீந்திய அதே கடலைத்தான் எம் மாணவரின் பாட்டன் பூட்டன்மார் சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட காலத்திலே தோணியிற் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே தம்புள்ளை, நாலந்தை வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களின் நடையை எவரும் மணிக்கணக்கிட்டு ஏட்டிற் பதியவில்லை. இதைக் கேட்டபோது மாணவர் சற்று நேரம் பேசாதிருந்தனர்.

அடுத்து அவர் நாடியது ஆங்கிலக் கால்வாய். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடச் சிறிதே அதிகம். ஆனால் நீர் வேறு. ஆகஸ்டு மாதத்திலும் அது பதினேழு பாகையளவில் குளிர்ந்திருக்கும். வெதுவெதுப்பான நம் கடலிலே பழகிய உடல் அதனைத் தாங்குவது அரிது. 1984 ஆகஸ்டு 6ஆம் நாள், அக்கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். வயது நாற்பத்தொன்று.

இந்த முடிவை மறைத்துச் சொல்லலாமே என்று நண்பரொருவர் ஒருமுறை கூறினார். நாம் மறைப்பதில்லை. அதனைக் கேட்ட பின்பும் மறுநாள் வைகறையில் அம்மாணவர் வீதிக்கு வந்திருந்தனர்.