'தேவதை' என்று புகழ்ந்தால் போதுமா? நர்ஸ்களின் வேலைச்சுமையை 170 வருடத்துக்கு முன்பே கவனித்த நைட்டிங்கேல்!

கடலூர், சிதம்பரம் என எந்த ஊர் நர்ஸிங் மாணவியைக் கேட்டாலும் மே 12 என்ன நாள் என்று சட்டென்று சொல்லிவிடுவார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்தநாள், உலக செவிலியர் தினம். கையில் விளக்கோடு வார்டைச் சுற்றிவந்த அம்மையார் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். ஆனால், நர்ஸின் உழைப்பையும் ஓய்வையும் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

1820-ல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தவர். பணக்கார ஆங்கிலேயக் குடும்பம். அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கு மரியாதை கிடையாது. அதனால் வீட்டில் கடும் எதிர்ப்பு. அதையும் மீறி 1851-ல் ஜெர்மனியில் பயிற்சி எடுத்தார்.

லிஃப்ட் கேட்ட நிர்வாகி

1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறிய மருத்துவமனையை நிர்வகிக்கும் பொறுப்பு கிடைத்தது. அவர் முதலில் கேட்டவற்றைப் பாருங்கள். எல்லா மாடிக்கும் குழாயில் வெந்நீர் வர வேண்டும். சாப்பாட்டை மேலே அனுப்ப லிஃப்ட் வேண்டும். எந்த நோயாளி மணி அடித்தார் என்று நர்ஸுக்கு உடனே தெரிய வேண்டும்.

காரணம் சிம்பிள். நர்ஸ் நாள் முழுக்க மாடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், நோயாளியை எப்போது கவனிப்பார்?

போர் தந்த காயம்

1854-ல் கிரீமியப் போர். 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அழுக்கு, எலி, கட்டடத்துக்கு அடியிலேயே அடைத்துக்கிடந்த சாக்கடை. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 100-க்கு சுமார் 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகு, ஜூனில் அது சுமார் 2 ஆகக் குறைந்தது.

1856-ல் நாடு திரும்பியவரை ஊரே கொண்டாடியது. அவரோ மறு வருடமே நிலைகுலைந்து படுத்துவிட்டார். அப்போது வயது 37. அதன்பிறகு பல வருடங்கள் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. போர்முனையில் தொற்றிய காய்ச்சலின் பாதிப்போடு மன அழுத்தமும் சேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தன் கண்ணெதிரே நடந்த சாவுகளைத் தடுத்திருக்கலாம் என்று புள்ளிவிவரம் காட்டியபோதுதான் அவர் உடைந்துபோனார் என்கிறார் வரலாற்றாய்வாளர் ஹியூ ஸ்மால்.

ஆக, அடுத்தவர் மனக்காயத்துக்கு மருந்து போட்டவருக்கே அந்தக் காயம் இருந்தது.

படுக்கையில் இருந்தே மாற்றம்

அந்த நிலையிலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 1860-ல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. மாணவிகளுக்குத் தனித்தனி படுக்கையறை, சாப்பாடு, சீருடை, கூடவே உதவித்தொகை. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் இங்குள்ள மருத்துவமனைகளில் நர்ஸிங் எப்படி இருக்க வேண்டும் என்று 1865-லேயே யோசனைகள் எழுதி அனுப்பினார். 1871-ல் சென்னை பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. 1910-ல், 90-வது வயதில் காலமானார்.

அவரிடமும் குறை இல்லாமல் இல்லை. ஒழுக்கம், கீழ்ப்படிதல் என்று ரொம்பவே கறாராக இருந்தவர். 'கேள்வி கேட்காமல் சேவை செய்' என்று நர்ஸ்களின் வாயை அடைக்கப் பின்னால் வந்தவர்களுக்கு அது வசதியாகப் போனது.

இங்கே நிலைமை என்ன?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனை இப்போது அரசு கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதனால் அதற்கு முதல் கணக்கு. அடுத்த முறை வார்டுக்குப் போனால் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சம்பளம்? 2015-ல் தேர்வு வாரியம் மூலம் தமிழக அரசு எடுத்த நர்ஸ்களுக்கு ஆரம்பத் தொகுப்பூதியம் மாதம் ரூ.7,700. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராடியது நினைவிருக்கலாம்.

தொடர் நைட் டியூட்டி, ஆள் பற்றாக்குறை, நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம், நோயாளியின் உறவினர்கள் கத்துவது... இதெல்லாம் சேரும்போது தூக்கம் போகும், எரிச்சல் வரும், ஒரு கட்டத்தில் எதுவுமே உறைக்காமல் மரத்துப்போகும். 'பர்ன் அவுட்' எனப்படும் இதை, வேலையோடு தொடர்புடைய பாதிப்பு என்றுதான் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது. தனிமனிதரின் பலவீனம் என்று அல்ல.

மனசு தாங்கவில்லை என்றால் 14416 (டெலி மானஸ்) அல்லது 104-க்கு அழைத்துப் பேசலாம். யோகா வகுப்பும் நடத்தலாம். தப்பே இல்லை. ஆனால் மாடிப்படி ஏறி ஓய்ந்துபோன நர்ஸுக்காக நைட்டிங்கேல் கேட்டது ஆறுதல் வார்த்தை அல்ல, லிஃப்ட்!