ஜோன் வில்லியம் கொலென்சோ

ஜோன் வில்லியம் கொலென்சோ (ஜனவரி 24, 1814 - ஜூன் 20, 1883) தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் முதல் ஆங்கிலிக்க ஆயரும் கணிதவியலாளரும் ஆவார். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் பிறந்த இவர் 1853 இல் ஆயரானார்.

விவிலியத்தைச் சூலு மொழியில் பெயர்த்தபோது, எசமானிடம் அடிபட்ட அடிமை ஓரிரு நாள் கழித்து இறந்தால் தண்டனையில்லை என்ற யாத்திராகமச் சட்டம் இவரது சூலு உதவியாளரை அதிர்ச்சியுறச் செய்தது. இரக்கமுள்ள கடவுள் இதனைக் கட்டளையிட்டிருப்பாரா என்ற ஐயம் கொலென்சோவை ஆய்வுக்குத் தூண்டியது.

1862-1879 காலப்பகுதியில் ஐந்நூல்களையும் யோசுவா நூலையும் ஆராய்ந்து ஏழு பாகங்கள் வெளியிட்டார். எண்ணாகமம் 31 கூறும் மீதியானியர் படுகொலை, 1857 கான்பூர் படுகொலையினும் கொடியது என்றும், அதன் எண்கள் நம்பத்தகாதவையாதலால் அது வரலாறன்று என்றும் வாதிட்டார்.

கேப் டவுன் ஆயர் 1863 இல் இவரைப் பதவி நீக்கினார். பிரிவி கவுன்சில் 1865 இல் அது செல்லாதென்றது. 1879 ஆங்கிலேய-சூலு போரையும் இவர் கண்டித்தார். சூலு மக்கள் இவரைச் சோபாந்து (மக்களின் தந்தை) என்றழைத்தனர்.