அயலாராக வந்தவர்: புனித யோசேவாஸ் அடிகளார்

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியரும் கண்டும் விலகிச் சென்றனர். காயத்துக்கு மருந்திட்டுச் சத்திரத்தில் சேர்த்தவர், வேற்றினத்தவரான சமாரியர். எம்மதத்து மாணவியாயினும் நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்ட உவமை இது. அதை இந்நாட்டு மண்ணில் வாழ்ந்து காட்டியவர் யோசேவாஸ் அடிகளார்.

அவர் 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனவுலிம் கிராமத்தில் பிறந்தார். பின்னர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்திருந்தனர். 1687இல் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் தூத்துக்குடியில் தோணி ஏறி, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். பின்னாளில் நம் முன்னோரும் பிழைப்புத் தேடிக் கடந்தது அதே கடலைத்தான்.

யாழ்ப்பாணத்தில் வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. தொற்றுக்கு அஞ்சியவர்கள் அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டனர். அங்கே ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து ஊட்டி அவரைப் பிழைக்க வைத்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1692இல் கண்டிக்குச் சென்ற அவரை, போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டனர். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நன்மதிப்பைப் பெற்றார். இன்று கேகாலை மாவட்டத்திலுள்ள ருவன்வெல்லைக்கும் அவர் பணி செய்ய வந்ததுண்டு.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. மன்னரும் செல்வந்தரும் நகரை விட்டு அகன்றனர். நோயாளரை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அடிகளாரோ மருமகனாகிய யோசேப் கர்வாலோ அடிகளாருடன் அங்கேயே தங்கினார். குடில் அமைத்து, உணவும் மருந்தும் கொடுத்து, புண்ணைக் கழுவி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். பௌத்தரா, கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. தாமும் ஒருநாள் ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடந்ததை அவர் மறந்திருப்பாரா?

1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 1995இல் முத்திப்பேறும், 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதர் பட்டமும் பெற்றார்.

தமிழில் அயலார் என்றால் பக்கத்து வீட்டாரும் அவர்தான், அந்நியரும் அவர்தான். சப்ரகமுவத் தோட்டங்களின் லயன்களில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பக்கத்து அறையில் காய்ச்சல் என்றால் நம் அடுப்பிலும் கஞ்சி கொதிக்கும். இன்று நாம் பல நாடுகளில் அயலாராக வாழ்கிறோம். நம் வாசலிலும் யாரோ ஒருவர் களைத்து வந்து நிற்கக்கூடும். அடிகளாரைப் போல் புனிதராக நம்மால் முடியாமற் போகலாம். கஞ்சி கொண்டுவந்த அந்தப் பெண்ணாக இருக்க எல்லோராலும் முடியும்.