மூளையின் அலைகளைக் கண்டவர் – ஹான்ஸ் பெர்கர்

சாமையை உலையில் இடுமுன் நம் சோளக்காட்டுத் தாய்மார் முதலில் முறத்தில் புடைப்பார்கள். பிறகே தண்ணீரில் கல் அரிப்பார்கள். முறை மாறினால் தூசியும் உமியும் நீரில் கலங்கி வேலை இரட்டிக்கும். தூய்மை செய்வதற்கும் வரிசை உண்டு. மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்த மருத்துவர் ஹான்ஸ் பெர்கரின் வாழ்வு இதை நமக்கு நினைவூட்டுகிறது.

பெர்கர் 1873 மே 21 அன்று ஜெர்மனியில், கோபுர்க் நகரருகே பிறந்தார். திருக்குறளின் சில பகுதிகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கவிஞர் ரூக்கர்ட் இவருடைய தாய்வழிப் பாட்டனார். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியடியில் சிக்காமல் மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றே, தொலைவிலிருந்த அவர் சகோதரியின் மனம் காரணமின்றிக் கலங்க, தந்தை நலம் விசாரித்துத் தந்தி அனுப்பினார். மனத்தின் ஆற்றலை ஆராயும் ஆவல் அன்று பிறந்தது.

யேனா நகரில் மனநல மருத்துவராகி, 1924-இல் 17 வயது இளைஞனின் மூளை அலைகளைப் பதிவு செய்தார். ஆனால் உடனே வெளியிடவில்லை. இவை இதயத் துடிப்போ, இரத்த ஓட்டமோ, தசையின் அசைவோ என ஐயுற்றார். இதயத்தின் மின்னலையையும் உடன் பதிந்து ஒப்பிட்டார். தம் மகனையும் பலமுறை சோதித்தார். 1929-இல்தான் உலகுக்கு அறிவித்தார். கண்களை மூடியிருக்கையில் நொடிக்குச் சுமார் 10 அலைகள் எழும், திறந்தால் அடங்கும். பலர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஏட்ரியனும் மாத்யூஸும் இதை உறுதி செய்தனர்.

இன்று அந்த இ.இ.ஜி. பதிவைக் கணிப்பொறி தூய்மை செய்கிறது. வழக்கமாக, வியர்வையால் வரும் மெல்லிய ஏற்ற இறக்கத்தை முதலில் வடிகட்டுவர், பழுதான மின்முனைகளை விலக்குவர், அதன்பின் எல்லா முனைகளின் சராசரியைக் கழிப்பர், கண் சிமிட்டலைப் பிரித்தெடுப்பர், பிறகு துண்டுகளாக்குவர். பழுதான முனையை விலக்காமல் சராசரி எடுத்தால் ஒன்றின் பிழை அனைத்திலும் பரவும். துண்டாக்கிய பின் வடிகட்டினால் ஓரங்கள் சிதையும்.

பெர்கரின் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. ஹிட்லர் ஆட்சியில், நோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை விதித்த நீதிமன்றத்தில் அவரும் அமர்ந்தார். 1941 ஜூன் 1 அன்று, மனச்சோர்வுற்ற நிலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

தம் கண்டுபிடிப்பை ஐந்தாண்டுகள் ஐயுற்றவர், தம் காலத்தின் தீமையை ஐயுறவில்லை. மாணவியரே, அறிவைத் துலக்குவோம். அதற்கு முன் மனச்சான்றைத் துலக்குவோம். அதுவே சரியான வரிசை.