வின்சென்ட் தே பவுல்: ஏழைக் குடும்பங்களின் ஊழியர்

வெள்ளமோ தீயோ நேர்ந்த ஊர்களில் நிவாரண வேலை செய்த அன்பர்கள் எல்லோரும் ஒரு சங்கடத்தை அறிவார்கள். முதல் நாள் ஊரே திரண்டு வருகிறது. அண்டா அண்டாவாகச் சோறு வந்து குவிகிறது. உண்பாரின்றி மிஞ்சிக் கெட்டுப்போகிறது. நான்காம் நாள் அதே குடும்பத்தின் அடுப்பில் பூனை உறங்குகிறது. இரக்கம் வற்றிவிட்டதால் நேரும் குறையன்று இது. இரக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இல்லாமையால் நேருவது. ஏறக்குறைய நானூறு வருஷங்களுக்கு முன் பிரான்ஸ் தேசத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு குருவானவர் இதைக் கண்ணாரக் கண்டார். கண்டதோடு நில்லாமல் மூன்றே நாளில் அதற்கு ஒரு வழியும் செய்தார். அவரே வின்சென்ட் தே பவுல். கத்தோலிக்க திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. பொது ஊழியத்தில் இறங்கியுள்ள எந்த மதத்தினரும் அவருடைய சரித்திரத்தைக் கற்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

வின்சென்ட் 1581-ம் வருஷம் பிரான்ஸின் தென்மேற்கே டாக்ஸ் நகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தார். ஆறு குழந்தைகளில் மூன்றாமவர். ஆடு மாடுகளையும் பன்றிகளையும் மேய்த்து வளர்ந்தவர். பையனுடைய புத்தி நுட்பத்தைக் கண்ட தகப்பனார் அவரை முதலில் டாக்ஸிலே படிக்கவைத்தார். பிறகு துலூஸ் சர்வகலாசாலைக்கு அனுப்பும் பொருட்டு ஒரு ஜோடி எருதுகளை விற்றார். அக்காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை மேலேறுவதற்குக் குருத்துவம் ஒரு படிக்கட்டு. மானியமுள்ள ஒரு பதவி வாய்த்தால் குடும்பம் முழுவதும் தலையெடுக்கும். சர்க்கார் உத்தியோகத்தை எண்ணி நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பன்மாரை நாம் அறியோமா? கதை அங்கும் அதுதான். மகனும் அந்தக் கணக்கோடுதான் புறப்பட்டார்.

அந்நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை வின்சென்ட் கிழப்பருவத்திலும் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது தகப்பனார் பார்க்க வந்தார். கால் ஊனமுற்றவர், உடையோ பட்டிக்காட்டு உடை. இன்னார் வந்திருக்கிறார் என்று தெரிந்தும், தோழர்கள் முன்னிலையில் அவரோடு பேச வெட்கப்பட்டு, மகன் வெளியே வர மறுத்துவிட்டார். எருதை விற்ற கை அந்தக் கை! இதைப் பிற்காலத்தில் வின்சென்ட் தாமே பலர் நடுவில் சொல்லி வருந்தினார். அவருடைய பணிவு பிறவிக் குணம் என்று பக்தர்கள் எழுதுவதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. வெட்கப்பட்ட அந்த நாளுக்கும் பின்னாளில் அவர் செய்த ஊழியத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

1600-ல், பத்தொன்பது வயதிலேயே, அவர் குருப்பட்டம் பெற்றார். திருச்சபையின் சட்டம் இருபத்துநான்கு வயது கேட்டது. அவசரம் எத்தகையது என்பது இதிலிருந்தே விளங்கும். அதன்பின் சில வருஷங்கள் மானியம் தேடி அலைந்தார். கடற்கொள்ளைக்காரர் கையிற் சிக்கித் தூனிஸ் பட்டணத்தில் அடிமையாய் விற்கப்பட்டதாக அவர் எழுதிய கடிதம் உண்டு. சரித்திர ஆசிரியர்களில் பலர் அதை நம்புவதில்லை. நமக்கும் அதில் வேலையில்லை.

பாரிஸ் நகரத்துக்கு வந்தபின் ஒரு சோதனை நேர்ந்தது. உடன் தங்கியிருந்தவருடைய பணம் திருட்டுப்போயிற்று. பழி வின்சென்ட் தலையில் விழுந்தது. அவர் இல்லை என்று சொன்னதற்கு மேல் வழக்காடவில்லை. சில வருஷங்கள் கழித்து உண்மைத் திருடன் தானே ஒப்புக்கொண்டான். பிறகு கோந்தி என்னும் பெரும் பிரபுவின் மாளிகையில் பிள்ளைகளுக்கு ஆசானாக அமர்ந்தார். மேலேறும் ஆசைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. ஆனால் மனம் அங்கே ஒட்டவில்லை. 1617-ல் வீட்டாரிடம் சொல்லாமலே புறப்பட்டு, லியோன் நகரத்துக்கு வடக்கே ஷாத்தியோன் என்ற சிற்றூரின் விசாரணைக் குருவாகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குத் திருவுடை தரித்துக்கொண்டிருந்த வேளையில், ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயாய்க் கிடப்பதாகவும், தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்றும் செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதை உருக்கமாக எடுத்துச் சொன்னார். மாலையில் தாமும் அந்த வீட்டை நோக்கி நடந்தபோது வழி முழுவதும் பெண்கள். சிலர் போகிறார்கள், சிலர் திரும்புகிறார்கள், வெயில் தாளாமல் சிலர் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு நிறைய ரொட்டியும் இறைச்சியும். வேறொருவராயின் தம் பிரசங்கத்தின் பலனைக் கண்டு பூரித்திருப்பார். வின்சென்ட்டுக்குக் கவலை பிறந்தது. இவ்வளவும் இன்றே வந்துவிட்டது, பாதி கெடும், நாளை மறுநாள் இவர்கள் மீண்டும் பசியில் கிடப்பார்கள்.

மூன்றாம் நாள், ஆகஸ்டு 23-ந் தேதி, ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டினார். ஆளுக்கு ஒரு நாளாக முறை வைத்துக்கொள்ள அவர்கள் இசைந்தார்கள். பணத்துக்கு ஒருத்தி பொறுப்பு. வரவு செலவு எழுதப்படும். அவ்வருஷம் டிசம்பர் மாதம் 8-ந் தேதி அது முறைப்படி ஒரு தரும சபையாய் நிறுவப்பட்டது. அச்சபைக்கு வின்சென்ட் எழுதிய விதிகளை நாம் படிக்கும்போது ஆச்சரியம் உண்டாகிறது. நாட்டு வாழ்வில் தேர்ந்த ஒரு தாய் எழுதியதுபோல இருக்கிறது. முறைக்காரி சாப்பாட்டைத் தன் கையால் சமைக்க வேண்டும். தானே எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே நுழையும்போது முகமலர்ச்சியோடு நலம் விசாரிக்க வேண்டும். படுக்கையின்மேல் துணி விரித்துக் கிண்ணமும் கரண்டியும் வைக்க வேண்டும். நோயாளியின் கையைக் கழுவிவிட வேண்டும். இறைச்சியைச் சிறு துண்டாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல இவையெல்லாம். இன்னொரு விதி உண்டு. வீட்டில் துணையுள்ள நோயாளியிடம் முதலில் போக வேண்டும். ஒண்டியாய்க் கிடப்பவரிடம் கடைசியில் போக வேண்டும். ஏன்? அப்போதுதான் அவரருகே அவசரமின்றி உட்கார்ந்திருக்கலாம்.

பசித்தவன் வயிற்றை நிரப்புவதோடு அவன் மானத்தையும் காக்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் கருத்து. கிறிஸ்தவ வேதத்தில் வரப்பிரசாதம் என்றொரு தத்துவம் உண்டு. மனிதன் தன் தகுதியால் சம்பாதிக்காமல் கடவுள் இலவசமாய் அளிப்பது அது. தமக்குக் கிடைத்தவையெல்லாம் அப்படிக் கிடைத்தவையே என்று வின்சென்ட் உண்மையிலேயே நம்பினார். ஆகவே கொடுக்கும்போது கொடையாளி என்ற எண்ணம் அவருக்கு எழ இடமில்லை. ஏழைகளே எஜமானர், நாம் பணியாட்கள் என்று தம்மவருக்கு ஓயாமல் போதித்தார்.

ஆண்டு முடிவதற்குள் கோந்தி குடும்பத்தார் அவரைத் திரும்ப வரவழைத்துவிட்டனர். ஆனால் இப்போது அவர்களுடைய ஜமீன் கிராமங்களெல்லாம் அவருக்கு வேலைத்தலமாயின. ஊருக்கு ஊர் தரும சபை எழுந்தது. கிராமத்து ஜனங்களுக்குப் போதிப்பதற்கென்று 1625-ல் ஒரு குருக்கள் சபையையும் நிறுவினார். இதற்கிடையில், 1623-ல், பிறந்த ஊருக்கு ஒருமுறை சென்றார். சகோதரர்களும் உறவினரும் வறுமையில் இருந்தனர். விடைபெற்றுத் திரும்பும் வழியெல்லாம் அழுதார். அவர்களை உயர்த்திவிட வேண்டும் என்ற ஆசை மூன்று மாதம் வரையில் அவரை வாட்டியது. கடைசியில், தம் கையில் வரும் பணம் ஏழைகளுடையது, தம் வீட்டாருடையதன்று என்று தீர்மானித்தார். தகப்பனாரைக் கண்டு வெட்கப்பட்ட பையன் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டான்! பொதுப் பணத்தைக் கையாளுவோருக்கு இந்த மூன்று மாதப் போராட்டம் அந்நியமாய் இராது.

பாரிஸ் நகரத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரிய இடத்துச் சீமாட்டிகள். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாற்றமடிக்கும் சந்துகளில் கஞ்சிப் பானை சுமந்து மாடி ஏறுவது அவர்களால் ஆகவில்லை; சிலருடைய கணவன்மாரும் தடுத்தனர். அவர்கள் தங்கள் வேலைக்காரிகளை அனுப்பலாயினர். வேலைக்காரி எஜமானியின் கட்டளைக்குப் போகிறாள், அன்புக்குப் போகவில்லை. இந்த நிலையில் சுரேன் என்ற ஊரிலிருந்து மார்கரீத் நாசோ என்னும் ஒரு பெண் வந்தாள். மாடு மேய்த்தவள்; வழிப்போக்கரிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டுத் தானே படிக்கக் கற்றவள்; பிற பெண்களுக்கும் கற்பித்தவள். சீமாட்டிகள் செய்யக் கூசிய வேலையைத் தான் செய்வதாக முன்வந்தாள். 1633-ல், கொள்ளைநோய் கண்ட ஒருத்தியைத் தன் படுக்கையிலேயே கிடத்திப் பேணி, அந்நோயாலேயே மாண்டாள். அவ்வருஷம் நவம்பர் மாதத்தில், அவளைப் போன்ற நாட்டுப்புறப் பெண்களைத் தம் வீட்டில் சேர்த்துப் பழக்கத் தொடங்கினார் லூயீஸ் தே மரியாக் என்ற விதவை மாது. வின்சென்ட்டின் வலக்கை இவர். இப்படிப் பிறந்ததே அன்பின் புத்திரிகள் சபை. அக்காலச் சட்டப்படி கன்னியாஸ்திரீ என்றால் மடத்து மதிலுக்குள் அடைபட வேண்டும். அடைபட்டால் ஏழை வீட்டுக்குப் போவது எப்படி? ஆகவே இவர்கள் கன்னியாஸ்திரீகளே அல்லர் என்று வின்சென்ட் பிடிவாதமாய்ச் சாதித்தார். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வார்த்தைப்பாடு மட்டும் வைத்தார். குடியானவப் பெண்களின் உடையையே உடையாக்கினார். சட்டத்தை மீறாமல் சட்டத்தின் மதிலைத் தாண்டிய இந்தச் சாமர்த்தியத்தை நம் அரசியல்வாதிகள் ரசிப்பார்கள்.

வீதியில் எறியப்பட்ட சிசுக்களை 1638 முதல் இவர்கள் எடுத்து வளர்த்தனர். யுத்தத்தால் பாழான லொரேன் நாட்டுக்கு ரெனார் என்ற சகோதரர் கந்தல் மூட்டையில் பணத்தை ஒளித்துக்கொண்டு ஐம்பது தடவைக்கு மேல் போய் வந்தார். ஒருமுறையேனும் கொள்ளைக்காரர் அவரைப் பறிக்க முடியவில்லை. 1652-ல், உள்நாட்டுக் கலகத்தால் பாரிஸ் பட்டினி கிடந்தபோது, தினந்தோறும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கஞ்சி வார்க்கப்பட்டது.

ஏழைகள் ஏன் ஏழைகளாயினர் என்று வின்சென்ட் கேட்டாரா? நமது நேயர்களுக்கு இக்கேள்வி எழுவது நியாயமே. ராஜாவின் யுத்தங்களும் வரிகளும் கிராமங்களை உறிஞ்சிய காலம் அது. அவரோ 1643 முதல் ஆன் அரசியின் ஆலோசனைச் சபையில், நைந்த அங்கியோடு, மந்திரி மஸாரினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மன்னராட்சியை அவர் எதிர்க்கவில்லை, எதிர்க்க நினைத்ததுமில்லை. இது ஒரு குறையென்றே நாம் சொல்வோம். ஆயினும் வாய் மூடியிருந்தார் என்பது பொய். 1649 ஜனவரியில், பாரிஸ் முற்றுகையில் இருந்தபோது, அறுபத்தேழு வயதில் குதிரையேறி, வெள்ளம் புரண்ட சேன் நதியைக் கடந்து, சென் ஜெர்மேன் அரண்மனைக்குச் சென்று, ஜனங்களின் நலத்துக்காக மஸாரினை விலக்கும்படி அரசியை நேரில் கேட்டார். பலிக்கவில்லை. மந்திரியின் பகையும் வந்தது. மந்திரிக்கு வேண்டியவர் என்று கலகக்காரரின் சந்தேகமும் வந்தது.

1656-ல் பதினான்காம் லூயி அரசன் பாரிஸ் நகரத்துப் பிச்சைக்காரரையெல்லாம் பிடித்து ஒரே ஸ்தாபனத்தில் அடைக்கக் கட்டளை பிறப்பித்தான். அதன் குருத்துவப் பொறுப்பு வின்சென்ட்டின் சபைக்கு அளிக்கப்பட்டது. அவர் ஏற்கவில்லை. அதற்கு மூன்று வருஷம் முன்னரே, முதுமையடைந்த கைத்தொழிலாளர் நாற்பதுபேருக்கு அவர் ஒரு விடுதி அமைத்திருந்தார். அங்கே தறிகளும் கருவிகளும் இருந்தன. முடிந்தவர் முடிந்த வேலையைச் செய்தனர். ஏழையை வீதியிலிருந்து மறைத்துவிடுவதையும் ஏழைக்கு வீடு கொடுப்பதையும் அவர் ஒன்றாய் எண்ணவில்லை.

1660 மார்ச்சில் லூயீஸ் மாது காலமானார். செப்டம்பர் 27-ந் தேதி விடியற்காலையில், நாற்காலியில் சாய்ந்தபடியே வின்சென்ட்டும் உயிர் நீத்தார். 1737-ல் பாப்பானவர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அவர் வாழ்ந்து மடிந்த சென் லஸார் மடத்தை 1789 ஜூலை 13-ந் தேதி, பஸ்தீல் சிறை விழுவதற்கு முதல் நாள், ஜனத்திரள் புகுந்து சூறையாடியது. தானியம் பதுக்கியிருக்கிறார்கள் என்பது அவர்கள் கோபம். பட்டினி கிடந்தோருக்குக் கஞ்சி வார்த்த மடத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது.

1833-ல், பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது வாலிபரும் தோழர்களும், பழைய பெருமையைப் பேசும் நீங்கள் இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எதிர்க்கட்சியார் கேட்டதைத் தாங்கமாட்டாமல், ஏழை வீடுகளுக்கு நேரில் போகப் புறப்பட்டார்கள். எந்த வீட்டுக்குப் போவது, எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அன்பின் புத்திரிகளில் ஒருவரான ரோசலி அம்மையார். அவர்கள் தொடங்கிய சபை வின்சென்ட் தே பவுலின் பெயரையே தாங்கி இன்று பல தேசங்களில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றிலும் அதன் கிளைகள் உள்ளன. பெரும்பாலும் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் சிறு வியாபாரிகளுமான அங்கத்தினர்கள் கூடி, பங்கிலுள்ள ஏழைக் குடும்பங்களைப் பற்றிப் பேசி, எந்த வீட்டுக்கு எவரெவர் போவது என்று பிரித்துக்கொண்டு கலைகிறார்கள்.