சீஸ் சாப்பிட மறுத்த சிறுமி

இந்த முறை ஒரு குழந்தைகள் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

ஸ்பானிய மொழி பேசும் மக்களிடையே தோன்றிய பெரிய மனிதர்களைப் பற்றி, அமெரிக்காவில் குழந்தைகளுக்காக நிறைய படப்புத்தகங்கள் வருகின்றன. பக்கத்துக்குப் பக்கம் வண்ண ஓவியம், பக்கத்தில் நாலு வரி. பல புத்தகங்களில் அந்த நாலு வரியும் கவிதையாகவே இருக்கும். அந்த வரிசையில் 2002இல் வந்தது 'ஹுவானாவுக்கு ஒரு நூலகம்'. எழுதியவர் பாட் மோரா, ஓவியம் பெயாட்ரிஸ் விதால். இருபது நிமிஷத்தில் படிச்சு முடிச்சிடலாம். ஆனா அந்த ஹுவானா யாருன்னு தெரிஞ்சா, அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில், ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோவில், எரிமலை அடிவாரத்து நெபாந்த்லா என்ற ஊரில் ஹுவானா பிறந்தாள். அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா இசபெல் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் ஒரு பண்ணையையே தனியாகக் கட்டி ஆண்டவர்.

அக்கா பாடம் படிக்கப் போன இடத்துக்கு மூணு வயசு ஹுவானாவும் பின்னாலேயே போனாள். அம்மா அனுப்பினாங்கன்னு டீச்சரிடம் ஒரு பொய். அது பொய்னு டீச்சருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்கு விஷயம் தெரியும் முன்பே குழந்தை படிக்கக் கற்றுவிட்டது. சீஸ் சாப்பிட்டால் மூளை மந்தமாகும்னு யாரோ சொன்னதைக் கேட்டு, ரொம்பப் பிடிச்ச சீஸையும் விட்டுவிட்டாள். கொஞ்சம் வளர்ந்ததும் தலைநகரில் பல்கலைக்கழகம் இருப்பது காதில் விழுந்தது. அங்கே பெண்களுக்கு இடமில்லை. உடனே அம்மாவிடம் ஓடிப்போய், ஆண் உடை போட்டாவது என்னை அங்கே அனுப்புன்னு நச்சரித்தாள். அம்மா சம்மதிக்கவில்லை. வீட்டிலிருந்த தாத்தாவின் புத்தகங்கள்தான் அவளுக்குப் பல்கலைக்கழகம்.

லத்தீன் கற்றது இன்னொரு கதை. ஆசிரியரிடம் கேட்டது இருபது பாடம்கூட இருக்காது. மீதி முழுக்கத் தானே படித்தது. நாலைந்து விரல்கடை அளவுக்கு முடியை வெட்டிக்கொள்வாள். முடி வளர்வதற்குள் இன்ன பாடத்தை முடிக்கணும்னு தனக்குத்தானே கெடு. முடிக்கலையா? திரும்பவும் வெட்டு. அறிவில்லாத தலைக்கு அலங்காரம் எதுக்கு என்பது அவள் கணக்கு. நம்ம எக்ஸாம் டைம்டேபிள் எல்லாம் இதுக்கு முன்னாடி எம்மாத்திரம்!

இளம்பெண்ணானதும் மெக்சிகோ நகரில், ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியாக ஆண்ட வைஸ்ராயின் அரண்மனைக்குப் போனார். இவருடைய அறிவு இயல்பானதுதானா என்று வைஸ்ராய்க்கு ஒரு சந்தேகம். நகரத்து அறிஞர்கள் சுமார் 40 பேரைக் கூட்டி, ஆளாளுக்குக் கேள்வி கேட்க வைத்தார். நமக்கு வைவாவில் ஒரு எக்ஸ்டர்னல் வந்தாலே தொண்டை காயுது. 17 வயசு ஹுவானா நாற்பது பேருக்கும் பதில் சொன்னார்.

அப்புறம்? அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இருந்தது ரெண்டே வழி: கல்யாணம், இல்லைன்னா கன்னியர் மடம். படிக்க நேரம் கிடைக்கும் இடம் எது என்று பார்த்து ஹுவானா மடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1667இல் சேர்ந்த முதல் மடத்தின் விதிகள் மிகக் கடுமை. சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார். 1669இல் சான் ஹெரோனிமோ மடத்தில் சேர்ந்து, சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ் ஆனார். சோர் என்றால் சகோதரி. அவருடைய அறையில் புத்தகங்கள் மலைபோல் குவிந்தன. அறிவியல் கருவிகளும் இசைக்கருவிகளும் சேர்ந்தன. கவிதை, நாடகம் எழுதினார். மடத்தின் வரவு செலவுக் கணக்கையும் அவரே பார்த்தார். 1689இல் அவருடைய கவிதைகள் மாட்ரிட்டில் புத்தகமாக வெளிவந்தன.

இனி வருவது நம்ம ஏரியா. ஒரு சமயம் மடத்தின் தலைவி, படிப்பது ஆபத்து என்று நினைத்துப் புத்தகத்தையே தொடக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். சுமார் மூணு மாசம் அந்தத் தடை. ஹுவானா கீழ்ப்படிந்தார், புத்தகத்தைத் தொடவில்லை. ஆனா கண்ணை யாரும் கட்டலையே! புத்தகம் இல்லாமலும் தன் மனம் எப்படி வேலை செய்தது என்பதற்கு அவரே உதாரணங்கள் எழுதி வைத்திருக்கிறார். நீளமான படுக்கை அறையின் சுவர்கள் இணையாகத்தான் போகின்றன. தூரத்தில் மட்டும் ஏன் நெருங்குவதுபோல் தெரிகிறது? சிறுமிகள் பம்பரம் விட்டபோது தரையில் மாவைத் தூவச் சொன்னார். பம்பரம் சுற்றுவது முழு வட்டமா என்று பார்க்கத்தான். வட்டம் இல்லை, வேகம் குறையக் குறையச் சுருள் கோடு விழுந்தது. எண்ணெயில் போட்ட முட்டை ஒன்றாகச் சேர்ந்து வேகிறது. சர்க்கரைப் பாகில் போட்டால் பிரிந்து போகிறது. இதையும் சமையல்கட்டில் நின்று கவனித்துக் குறித்தார். லேப் இல்லை, மேனுவல் இல்லை, மார்க்கும் இல்லை.

1690இல் பிரச்சினை வெடித்தது. புகழ்பெற்ற பாதிரியார் ஒருவரின் பழைய பிரசங்கத்தை விமர்சித்து ஹுவானா எழுதியதை, பூவெப்லா நகரத்து ஆயர் அச்சிட்டுவிட்டார். கூடவே ஒரு கடிதம்: உலக விஷயங்களைக் குறைத்துக்கொண்டு சமய நூல்களைப் படிக்கும்படி அறிவுரை. அதில் தன் பெயரைப் போடாமல், ஒரு கன்னியாஸ்திரீயின் பெயரில் கையெழுத்து வேறு! 1691 மார்ச்சில் ஹுவானா எழுதிய பதில்தான் இன்றைக்கும் உலகம் படிக்கும் கடிதம். சீஸ், முடி, பம்பரம் என்று நான் மேலே சொன்னதெல்லாம் நமக்குத் தெரிவதே அதிலிருந்துதான். வரலாற்றில் இருந்த அறிவாளிப் பெண்களை வரிசையாகக் காட்டி, பெண்கள் படிக்கலாம், படித்த மூத்த பெண்கள் சிறுமிகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அதில் வாதாடினார்.

வாதத்தில் ஜெயித்தாலும் வாழ்க்கையில் அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. சில வருடங்களில் புத்தகங்களும் கருவிகளும் விற்கப்பட்டு, பணம் ஏழைகளுக்குப் போனது. 1694இல் தன் துறவு உறுதிமொழியை ரத்தத்தில் கையெழுத்திட்டுப் புதுப்பித்தார். மனம் மாறித்தான் விட்டாரா, மிரட்டி விட வைத்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அடுத்த வருடம் மடத்தில் கொள்ளைநோய் பரவியது. நோயாளிச் சகோதரிகளைக் கவனித்துக்கொண்ட ஹுவானாவுக்கும் அது தொற்றியது. 1695 ஏப்ரல் 17 அன்று இறந்தார்.

இன்றைக்கு மெக்சிகோவின் 100 பேசோ நோட்டில் இருப்பது அவர் முகம். ஆண் வேஷம் போட்டாவது பல்கலைக்கழகம் போகணும்னு அழுத அந்தப் பெண் வாழ்ந்த மடமே இப்போது அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம்.

இன்னொரு விஷயம் நண்பர்களே. எல்லாத்தையும் விட்டுவிட்டதாகச் சொல்லப்பட்ட ஹுவானா இறந்த பிறகு, அவர் அறையில் ஒரு கவிதை கிடைத்தது. பாதி எழுதிய கவிதை. விட்டுட்டாரா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.